கொள்கை ஊசலாட்டமும் கரிம உமிழ்வும்: ஆஸ்திரேலியா தரும் சான்று

ஒரு நாடு ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவின் அளவை நான்கு காரணிகளின் பெருக்கற்பலனாகப் பிரித்துக் காண்பது ஆற்றல் ஆய்வாளரிடையே நெடுநாளைய வழக்கம். மக்கள்தொகை எவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று வரும் பொருளுற்பத்தி எவ்வளவு, அந்த உற்பத்தியின் ஓர் அலகுக்குச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு, அந்த ஆற்றலின் ஓர் அலகுக்கு வெளியாகும் கரியமில வாயு எவ்வளவு என்பவையே அந்நான்கு. ஜப்பானிய ஆற்றல் பொருளியலாளர் யோய்ச்சி காயாவின் பெயரால் இது காயா சமன்பாடு எனப்படுகிறது. முதலிரண்டையும் குறைக்க எந்த அரசும் முன்வராது. மூன்றாவது மெல்ல மெல்லவே குறையும். ஆகவே தூய ஆற்றல் பற்றிய விவாதம் முழுவதும் நான்காவது காரணியைச் சுற்றியே நடக்கிறது.

மின்னுற்பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த நான்காவது காரணி எளிய கணக்காகவே தோன்றும். பழுப்பு நிலக்கரியை எரித்து ஒரு மெகாவாட் மணி மின்சாரம், அதாவது வீட்டு மீட்டர்க் கணக்கில் 1,000 யூனிட், எடுத்தால் 1.2 முதல் 1.5 டன் வரை கரியமில வாயு வெளியாகிறது. கருநிலக்கரியில் அது ஏறத்தாழ 0.9 டன்; திறன்மிக்க எரிவாயு நிலையத்தில் ஏறத்தாழ 0.4 டன். காற்றாலையும் சூரியத் தகடும் எதையும் எரிப்பதில்லை. அவற்றைச் செய்வதற்காக உருக்கிய எஃகையும் வார்த்த கான்கிரீட்டையும் கணக்கில் சேர்த்தாலும் 1,000 யூனிட்டுக்குச் சில பத்துக் கிலோவோடு நின்றுவிடும். நிலக்கரியின் இடத்தில் காற்றையும் வெயிலையும் வைத்தால் உமிழ்வு குறையும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்தக் காற்றாலையைக் கட்டப்போகிறவர் யார், எப்போது கட்டுவார், எதை நம்பிக் கட்டுவார் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. காகிதத்தில் ஒரே அளவு கடுமையுள்ள இரண்டு சட்டங்கள், ஒன்று நீடிக்கும் என்று நம்பப்பட்டும் மற்றது நீடிக்காது என்று எண்ணப்பட்டும் இருந்தால், அவை விளைவிக்கும் உமிழ்வு மாற்றங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள மின்துறையில் எடுக்கப்படும் முடிவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ஏற்கெனவே நிற்கும் நிலையங்களில் இன்று எதை ஓட்டுவது என்ற முடிவு. மொத்த விலைச் சந்தை உள்ள நாடுகளில் ஒவ்வொரு நிலையமும் தன் விலையைக் கூறுகிறது. குறைந்த விலை கூறியதிலிருந்து தொடங்கி, தேவை நிறையும் வரை ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் இயக்கப்படுகின்றன. ஒரு டன் கரியமில வாயுவுக்கு இவ்வளவு கட்டணம் என்று அரசு விதித்தால், அதாவது கார்பன் விலை வைத்தால், நிலக்கரி நிலையங்கள் அந்த வரிசையில் பின்னுக்குப் போகும். எரிவாயுவும் நீர்மின்சாரமும் முன்னுக்கு வரும். கட்டணம் நீங்கினால் வரிசை சில நாட்களிலேயே பழையபடி ஆகிவிடும். இரண்டாவது, எதைக் கட்டுவது, எதை மூடுவது என்ற முடிவு. ஒரு காற்றாலைத் தொகுதி 25 ஆண்டுகளும் அனல்மின் நிலையம் 40, 50 ஆண்டுகளும் நிற்பவை. அவற்றை ஒருமுறை கட்டிவிட்டால் பிரித்து விற்றுப் போட்ட முதலை மீட்க வழியில்லை. நாட்டின் உமிழ்வு நிலையாகக் குறைவது இந்த இரண்டாம் வகை முடிவுகளால்தான்.

மீட்க முடியாத முதலீட்டுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பென் பெர்னான்கே 1983-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித் ராபர்ட் பிண்டைக்குடன் இணைந்து 1994-இல் வெளியிட்ட நூலும் அதைத் தெளிவாக விளக்கின. எதிர்காலம் தெளிவில்லாதபோது, இலாபம் தரக்கூடிய திட்டத்தைக்கூடத் தள்ளிப்போடுவது அறிவுடைய செயலாகிவிடுகிறது. ஏனெனில் காத்திருப்பவர் கூடுதல் செய்தியைப் பெறுகிறார், அவசரப்பட்டவரோ தவறான இடத்தில் மாட்டிக்கொள்கிறார். அடுத்த தேர்தலுக்குப் பின் கார்பன் விலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையில், காற்றாலை கட்டுபவர் தேர்தல் முடியட்டும் என்று காத்திருப்பார். அதே கணக்கின்படி, பழைய நிலக்கரி நிலையத்தின் உரிமையாளரும் அதை மூடாமல் தேர்தல் முடியட்டும் என்று காத்திருப்பார். தூய்மையானது பிறப்பதும் அழுக்கானது இறப்பதும் ஒரே நேரத்தில் தள்ளிப்போகின்றன. பின்னதைப் பற்றி வழக்கமாக யாரும் பேசுவதில்லை என்றாலும், உமிழ்வுக் கணக்கில் அதன் எடை சிறிதன்று.

இதனோடு வட்டியின் கணக்கும் சேர்கிறது. நிலக்கரி நிலையத்தின் வாழ்நாள் செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்கு ஆண்டுதோறும் போகிறது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் எரிபொருட்செலவே இல்லை. ஏறக்குறைய எல்லாச் செலவும் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி கடன். 10 கோடி டாலர் கடனை 25 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், 5 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 71 இலட்சம் டாலர். 10 சதவீத வட்டியில் அது 1 கோடியே 10 இலட்சம் டாலர். காற்றும் மாறவில்லை, பொறியும் மாறவில்லை. மின்சாரத்தின் அடக்கவிலை மட்டும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. கடன் தருபவர் வட்டியை உயர்த்துவது இடரைக் கண்டு. அந்த இடர்களில் சட்டம் மாறிவிடுமோ என்ற அச்சமும் ஒன்று. கொள்கை உறுதியின்மை இவ்வாறு, யார் கண்ணிலும் படாமல், தூய ஆற்றலின் மீது மட்டும் விழும் ஒரு வரியாக மாறுகிறது.

இக்கருத்துகள் அனைத்தையும் ஒரே நாட்டின் வரலாற்றில் வைத்துச் சோதிக்க விரும்புவோருக்கு ஆஸ்திரேலியாவைப் போலப் பொருத்தமான நாடு வேறில்லை. வெயிலும் காற்றும் நிலமும் மிகுந்த நாடு. நிலக்கரியும் மிகுந்த நாடு. காலநிலைக் கொள்கை, தலைவர்களைக் கவிழ்க்கும் அளவுக்கு அரசியல் போர்க்களமான நாடு. கெவின் ரட் அரசு கொண்டுவந்த உமிழ்வு வணிகத் திட்டத்தை நாடாளுமன்றத்தின் மேலவை 2009-இல் இருமுறை தோற்கடித்தது. அதை ஆதரிக்க முன்வந்த எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் டோனி அபட்டிடம் தம் கட்சித் தலைமையை இழந்தார். பின்னர் ஜூலியா கில்லார்ட் அரசு 2011-இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2012 ஜூலை 1 அன்று டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்ற கார்பன் விலை நடைமுறைக்கு வந்தது. அன்றைய உலக அளவில் அது உயர்ந்த விலை. ஆனால் அது தொடங்கும் முன்பே, ஆட்சிக்கு வந்தவுடன் அதை நீக்குவேன் என்று அபட் உறுதி கூறியிருந்தார்; கருத்துக்கணிப்புகளும் அவர் வெல்வார் என்றே காட்டின. 2013 செப்டம்பரில் அவர் வென்றார். 2014 ஜூலை 17 அன்று அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் வாழ்ந்த அந்த விலையை, சாகும் நாள் குறிக்கப்பட்டே பிறந்த சட்டம் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியானா ஓ'கார்மனும் ஃபிராங்க் யோட்சோவும் 2014-இல் செய்த ஆய்வின்படி, நாட்டின் கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களை இணைக்கும் மின்சந்தையின் உமிழ்வு, முந்தைய இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட 8.2 சதவீதம் குறைந்தது. இந்தக் குறைவு முழுவதையும் கார்பன் விலையின் கணக்கில் அவர்கள் எழுதிவிடவில்லை. மின்தேவை வேறு காரணங்களாலும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. விலைக்கு உரிய பங்கு இரண்டு ஆண்டுகளில் 1.1 கோடி முதல் 1.7 கோடி டன் வரை என்பது அவர்களது மதிப்பீடு. விலை நீடிக்கும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் விளைவு இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்றும் அவர்கள் கருதினர்.

அந்தக் குறைவு எவ்வகை முடிவுகளால் வந்தது என்று பார்ப்பது இன்னும் பயன் தரும். டாஸ்மேனியாவின் அணைகள் இதற்குச் சிறந்த சான்று. அந்தத் தீவு மாநிலத்தின் அரசு நீர்மின் நிறுவனம், கார்பன் விலை வரப்போவதை அறிந்து முன்கூட்டியே நீரைத் தேக்கி வைத்தது. விலை நடைமுறையில் இருந்த இரண்டு ஆண்டுகளிலும், விலை போவதற்குள் விற்றுவிட வேண்டும் என்ற கணக்கில் அந்த நீரைத் திறந்துவிட்டு, கடலடிக் கம்பிவடம் வழியே பெருநிலத்துக்கு மின்சாரத்தை மிகுதியாக விற்றது. நிலையான விலையாக இருந்திருந்தால் இவ்வளவு அவசரத்துக்குத் தேவையே இருந்திராது. அணைகளில் நீர்மட்டம் தாழ்ந்திருந்த நேரத்தில் 2015-இல் மழையும் பொய்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்தக் கம்பிவடமும் பழுதாகி ஏறத்தாழ ஆறு மாதங்கள் செயலற்றுக் கிடந்தது. 2016-இல் தேக்கிருப்பு 13 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது, நீர்மின்சாரத்துக்குப் பெயர்பெற்ற அந்தத் தீவு டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டியதாயிற்று. வறட்சிக்கும் பழுதுக்கும் கொள்கை காரணமன்று. ஆனால் அவற்றைத் தாங்கவேண்டிய கையிருப்பைக் கரைத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

குயின்ஸ்லாந்தில் டாரோங் அனல்மின் நிலையத்தின் இரண்டு அலகுகள் 2012-இல் நிறுத்தப்பட்டன, ஆனால் இடிக்கப்படவில்லை. திரும்ப ஓட்டக்கூடிய நிலையில் அவை பாதுகாத்து வைக்கப்பட்டன. கார்பன் விலை நீங்குவது உறுதியானபின், டாரோங்கை நடத்தும் மாநில அரசு நிறுவனம் தன் திறன்மிக்க எரிவாயு நிலையத்தை நிறுத்திவைத்து, நிலக்கரி அலகுகளுக்கு மறுபடி உயிர்கொடுத்தது. எரிவாயுவை ஏற்றுமதிக்கு விற்பது கூடுதல் ஆதாயம் தந்தது அதற்கு முதன்மைக் காரணம் எனினும், கார்பன் விலை நின்றிருந்தால் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாகத் தேறியிராது. சட்டம் நீங்கியபின் மின்துறையின் உமிழ்வு மீண்டும் ஏறியதில் வியப்பில்லை.

கட்டும் முடிவுகளின் கதை வேறொரு சட்டத்தோடு பிணைந்தது. 2020-க்குள் பெரிய அளவிலான புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஆண்டுக்கு 41,000 கிகாவாட் மணியாக உயர்த்த வேண்டும் என்ற இலக்கு, இரு பெருங்கட்சிகளின் ஆதரவோடு ஏற்கெனவே சட்டமாக இருந்தது. அபட் அரசு 2014-இல் அதை மறுஆய்வுக்கு உட்படுத்தியது. இலக்கு அந்நாளில் நீக்கப்படவில்லை, குறைக்கப்படவும் இல்லை. மறுஆய்வு நடக்கிறது என்ற செய்தி மட்டுமே இருந்தது. அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது. பெரிய காற்றாலை, சூரியப் பூங்காத் திட்டங்களுக்கான முதலீடு அடியோடு வறண்டது. 2015 ஜூனில் இலக்கு 33,000 கிகாவாட் மணியாகக் குறைக்கப்பட்டு, சண்டை ஓய்ந்தபின், முதலீடு மீண்டும் பெருகி, அந்தக் குறைந்த இலக்குக்குத் தேவையான திட்டங்கள் 2019-இலேயே நிறைவெய்தின. நிலைத்து நின்ற 33,000, ஆட்டம் கண்ட 41,000-ஐ விட மிகுதியாகக் கட்டவைத்தது என்பது பொருளியலாளர் பலரும் எதிர்பார்த்ததுதான். அரசியலாளர் கவனிக்க மறுத்ததும் அதையே.

முதலீடு வறண்ட அந்த ஆண்டுகளிலும் இரண்டு ஊற்றுகள் வற்றவில்லை. ஒன்று, தலைநகர் கான்பெரா அமைந்துள்ள சிறிய ஆட்சிப்பகுதி. 2020-க்குள் தன் மின்தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்கதாக ஆக்க முடிவு செய்த அது, ஏலத்தில் வென்ற திட்டங்களோடு நீண்டகால நிலைவிலை ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. சந்தை விலை ஒப்பந்த விலைக்குக் கீழே போனால் குறைவை ஆட்சிப்பகுதி ஈடுசெய்யும். மேலே போனால் உபரியை நிறுவனம் திருப்பித் தரும். மத்திய அரசின் சட்டம் எப்படி ஆடினாலும் இந்த ஒப்பந்தம் ஆடாது என்பதால் கடன் தர வங்கிகள் முன்வந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைத் தொகுதி எழுந்தது இவ்வழியில்தான். மற்றொன்று, வீடுகளின் கூரை. கூரைத் தகட்டுக்கான மானியம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வராமல், வாங்கும் நாளிலேயே விலைத் தள்ளுபடியாக மொத்தமாகக் கிடைத்துவிடுகிறது. நாளைய அரசு சட்டத்தை மாற்றினாலும் நேற்றுப் பெற்ற தள்ளுபடியைத் திரும்பக் கேட்காது. எனவே பெருநிறுவனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற காலத்திலும் சாதாரணக் குடும்பங்கள் தகடுகளைப் பொருத்திக்கொண்டே இருந்தன. இன்று 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியக் கூரைகளில் சூரியத் தகடுகள் உள்ளன. உறுதியின்மையை எதிர்கொள்ளும் வழி மானியத்தின் அளவை விட அதன் வடிவத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மூடும் முடிவுகளோ குழப்பத்தில் முடிந்தன. விக்டோரியா மாநிலத்தின் ஹேசல்வுட் நிலையம், பழுப்பு நிலக்கரியில் ஓடிய 1,600 மெகாவாட் முதியவர், 2017 மார்ச் இறுதியில் மூடப்படும் என்று 2016 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. ஐந்தே மாத அவகாசம். அதற்கு ஈடாகக் கட்டப்பட்டிருக்க வேண்டியவை 2014-இன் முதலீட்டு வறட்சியில் கட்டப்படாமல் போயிருந்தன. மொத்த மின்விலை பாய்ந்து ஏறியது. அந்த விலையேற்றமே தூய ஆற்றலுக்கு எதிரான அரசியல் வாதமாகவும் திருப்பப்பட்டது. உறுதியின்மை தனக்கு வேண்டிய உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும் இந்தச் சுழற்சி மிகவும் கவலைக்குரியது. தலைமை அறிவியலாளர் ஆலன் ஃபின்கல் 2017-இல் பரிந்துரைத்த தூய ஆற்றல் இலக்கு ஏற்கப்படவில்லை. அதற்கு மாற்றாக வந்த திட்டம் 2018 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதே மாதம், அப்போது பிரதமராக இருந்த டர்ன்புல் பதவியிழந்தார். அக்கொந்தளிப்பிலிருந்து விளைந்த நன்மை ஒன்று உண்டு: பெரிய மின்நிலையங்கள் மூடும் நாளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதி.

இத்தகைய ஊசலாட்டம் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் காற்றாலைக்கான உற்பத்தி வரிச்சலுகை ஓராண்டு, ஈராண்டு என்று நீட்டிக்கப்பட்டுவந்ததால், 2012-இல் ஏறத்தாழ 13,000 மெகாவாட் நிறுவப்பட்ட அந்நாட்டில் 2013-இல் 1,100 மெகாவாட் அளவே நிறுவப்பட்டது. இந்தியாவில் காற்றாலை முதலீட்டுக்கான விரைவுத் தேய்மானச் சலுகை, அதாவது பொறியின் விலையில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வசதி, 2012 ஏப்ரலில் விலக்கப்பட்டு 2014-இல் திரும்ப வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2011-12-இல் 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த ஆண்டு நிறுவுதிறன் அடுத்த ஆண்டே ஏறத்தாழ பாதியானது. முப்பந்தலையும் ஆரல்வாய்மொழியையும் காற்றாலைக் காடாக்கிய தமிழகத்துக்கு அந்த அடி வலிமையாகவே விழுந்தது. இதற்கு நேரெதிராக, பிரிட்டன் 2015-இல் நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவுத் தேதி குறித்தது. அரசுகள் மாறியும் அந்தத் தேதி பின்னுக்குப் போகவில்லை, முன்னுக்கே வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் நின்றது.

கொள்கை உறுதியின்மையை எண்ணால் அளக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. ஸ்காட் பேக்கர், நிக்கலஸ் புளூம், ஸ்டீவன் டேவிஸ் ஆகிய மூவர் 2016-இல் வெளியிட்ட முறையில், பொருளாதாரம், உறுதியின்மை, கொள்கை ஆகியவை பற்றிய சொற்கள் மூன்றும் சேர்ந்து வரும் செய்திகளை நாளிதழ்களில் எண்ணி ஒரு குறியீட்டெண் உருவாக்கப்படுகிறது. இதை நாடுகளின் உமிழ்வோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை: உறுதியின்மை மிகும்போது உமிழ்வு குறைகிறது என்கின்றன சில, கூடுகிறது என்கின்றன வேறு சில. மேலே பிரித்த இருவகை முடிவுகளை நினைவில் வைத்தால் இந்த முரண் பெரிதும் தெளிந்துவிடும். குழப்பம் வந்ததும் தொழிற்சாலைகள் விரிவாக்கத்தை நிறுத்துகின்றன, மக்கள் செலவைச் சுருக்குகின்றனர், ஆற்றல் தேவை தாழ்கிறது. உமிழ்வு அந்த ஆண்டு குறைகிறது. ஆனால் அதே குழப்பத்தால் கட்டப்படாமல் போன காற்றாலையின் இழப்பு அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளிலும் பரவிக் கிடக்கிறது. குறுகிய காலத்தை அளப்பவர் குறைவைக் காண்பார். நீண்ட காலத்தை அளப்பவர் கூடுதலைக் காண்பார். முதல் வகைக் குறைவைக் கண்டு மகிழ்வது, வீட்டில் வருமானம் நின்றதால் செலவு குறைந்தது என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

ஆஸ்திரேலியாவின் மொத்த உமிழ்வு இன்று 2005-ஆம் ஆண்டின் அளவை விட ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்திருக்கிறது என்ற எண்ணையும் இந்தத் தெளிவோடுதான் படிக்க வேண்டும். அதில் பெரும்பங்கு காடழிப்பு குறைந்ததால் வந்தது. மின்துறையின் பங்களிப்பு பிந்திய ஆண்டுகளிலேயே வலுப்பெற்றது. 2030-க்குள் 43 சதவீதக் குறைப்பு என்பது 2022-இல் சட்டமானது. கான்பெராவின் ஒப்பந்த முறையைப் போலவே வருமானத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் அமைத்துத் தரும் திட்டத்தை இப்போது மத்திய அரசே நடத்துகிறது. ஆனால் இழந்த ஆண்டுகளைச் சட்டத்தால் திரும்பப் பெற முடியாது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மக்குவாரி ஏரியின் கரையில் நிற்கும் 2,880 மெகாவாட் எராரிங், அந்நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம். 2025 ஆகஸ்டில் மூடப்பட இருந்த அதன் ஆயுள், ஈடான மின்சாரம் உரிய நேரத்தில் வந்து சேராது என்ற அச்சத்தால், 2024-இல் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்த ஒரே நிலையம் ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடக்கூடியது. இரண்டு ஆண்டுகளில் அது வெளிவிடும் அளவு, 2012 முதல் 2014 வரை கார்பன் விலை கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களின் மின்சந்தை முழுவதிலும் தவிர்த்துத் தந்த அளவை மிஞ்சிவிடும்.